பின்வண்டிக்கு ஆசீர்வாதம்

கலை, முரளி, இதை உங்கள் இரண்டு பேருக்குத்தான் எழுதுகிறேன். உங்களோடு இந்த வண்டி லைனுக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளும் படித்தால் நல்லது. நான் எட்டாவது வரை படித்தவன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் கலை வேலை முடிந்து வந்ததும் பையைக் கட்டில்மேல் வீசினாள். கம்பெனி ஸ்டாஃப் வேனை வலது பக்கப் பாதையில் மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தாளாம். டோல்கேட் தாண்டி போலீஸ் நிறுத்திக் கேஸ் எழுதிவிட்டார்கள். "ஏம்பா, வேகமா போனா கேஸு, சரி. மெதுவா போனாலுமா கேஸு போடுவாங்க?" என்று என்னைக் கேட்டாள். முரளி சோற்றைப் பிசைந்துகொண்டே, "உன்ன மாதிரி மாட்டு வண்டி ஓட்டுனா போடத்தான் செய்வாங்க" என்றான். இரண்டு பேரும் அடித்துக்கொண்டீர்கள். நான் கைத்தடியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

போடுவார்கள். வலது பக்கப் பாதை முந்திப் போகிறவனுக்கு. அங்கே உருண்டுகொண்டிருந்தால் அது தப்பு. எந்தப் பாதையாக இருந்தாலும் காரணம் இல்லாமல் மெதுவாகப் போய்ப் பின்னால் வருகிறவனுக்கு இடைஞ்சல் கொடுத்தால் அதுவும் தப்பு. வண்டியில் கோளாறு, மழை, கூட்டம் என்று காரணம் இருந்தால் தப்பில்லை. சட்டம் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் 'காரணம் இல்லாமல்' என்கிற இரண்டு வார்த்தையில்தான் சூசை அண்ணனுடைய பிழைப்பு போயிற்று. அதே நாளில்தான் என் காலும் போயிற்று. கால் போனது பஸ் விபத்தில் என்று மட்டும் உங்களுக்குத் தெரியும். மீதியை உங்கள் அம்மா சொல்லவிட்டதில்லை.

அப்போது நான் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம், விழுப்புரத்திலிருந்து திண்டிவனம். சூசை அண்ணன் டிரைவர். எங்களுக்குப் பின்னால் வேறு முதலாளியின் வண்டி வரும். அதைப் பின்வண்டி என்போம். அதன் டிரைவர் ஏழுமலை.

உருட்டுவது என்றால் பஸ் கண்டக்டரான முரளிக்குத் தெரியும், கலைக்குத் தெரியாது. ஸ்டாண்டை விட்டு நம் நேரத்துக்குக் கிளம்பிவிட வேண்டும். ஆனால் போய்விடக் கூடாது. ரெண்டாவது கியரில் நடுரோட்டைப் பிடித்துக்கொண்டு, நடக்கிறவன்கூட நம்மைத் தாண்டுகிற மாதிரி ஊர்ந்துகொண்டே போக வேண்டும். பின்வண்டிக்கு வர வேண்டிய ஜனம் ஓடிவந்து நம் வண்டியில் ஏறும். பின்வண்டி முந்த முடியாதபடி இடமும் விடக் கூடாது, வலமும் விடக் கூடாது. முதலாளிகள் வாயால் சொல்ல மாட்டார்கள். சாயங்காலம் "இன்னிக்கு வண்டி ஏன் காலியா வந்துச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்பார்கள், அவ்வளவுதான். மறுநாள் எல்லாரும் உருட்டுவோம். நாங்களும் உருட்டினோம், ஏழுமலையும் தன் பின்வண்டிக்கு உருட்டினான். அத்தனை வருஷத்தில் உருட்டியதற்காக ஒரு வண்டிமேலும் ஒரு கேஸ் விழுந்து நான் பார்த்ததில்லை.

உருட்டும்போது பின்வண்டிக்காரன் ஹாரனை அழுத்திப் பிடிப்பான். அப்போது முன்வண்டிக் கண்டக்டர் பின்படியில் இறங்கி நின்று, உள்ளங்கையை விரித்து அவனுக்குக் காட்டுவான். பொறு, அங்கேயே இரு என்று அர்த்தம். கோயிலில் சாமி அபயம் காட்டுகிற மாதிரியே இருக்கும். எங்கள் ரூட்டில் அதற்கு ஆசீர்வாதம் என்று பெயர். கடைசி சீட்டுக் காலேஜ் பையன்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஏழுமலை ஸ்டியரிங்கில் இருந்தபடியே நாக்கைத் துருத்திக் காட்டுவான். விழுப்புரத்தில் இறங்கியதும் மூன்று பேரும் ஒரே கடையில் டீ குடிப்போம். "இன்னாடா கோயிந்தா, இன்னிக்கு எத்தினி வாட்டி ஆசீர்வாதம் பண்ண?" என்று ஏழுமலை கேட்பான். "எங்க பங்குச் சாமியாரே ஒரு பூசைக்கு ஒரு தடவதான்டா பண்ணுவாரு" என்பார் சூசை அண்ணன். டீக்குக் காசு பெரும்பாலும் ஏழுமலைதான் கொடுப்பான்.

இதைச் சிரிப்பாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அன்றைக்குச் சிரித்தோம்.

ரோட்டை நாலு வழியாக ஆக்கிக்கொண்டிருந்த காலம் அது. கூட்டேரிப்பட்டு தாண்டி விக்கிரவாண்டிக்கு முன்னால் ஒரு இடத்தில் இடது ஓரத்தை ஆழமாகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பள்ளத்தில் விழாமல் இருக்கத் தார் டிரம்மை வரிசையாக நிறுத்தித் தகரம் அடித்திருந்தார்கள். வலது பக்கம் எதிரே வருகிற வண்டி. நடுவில் ஒரு பஸ் போகிற அளவுக்கு வழி. நின்றால் நின்றதுதான். ஜனம் இறங்கக்கூட இடம் கிடையாது.

முன்பக்கத்து இடது பட்டையில், அதாவது வண்டியைத் தாங்குகிற ஸ்பிரிங் பட்டையில், சத்தம் வருகிறது என்று சூசை அண்ணன் ஷெட்டில் இரண்டு தடவை சொல்லியிருந்தார். முகூர்த்த நாள் போகட்டும், கூட்டம் குறைந்ததும் கழற்றிப் பார்க்கலாம் என்றார்கள். அன்றைக்குக் காலையில் வண்டி நிறைய ஜனம். தகரத்து வழிக்குள் நுழைந்து கொஞ்ச தூரம் போனதும் கீழே இரும்பு முறிகிற சத்தம் கேட்டது. வண்டி இடது பக்கம் சாய்ந்தது.

சூசை அண்ணன் என்னை எப்போதும் டேய் என்றுதான் கூப்பிடுவார். அன்று பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஏதோ ஆகிவிட்டது என்று எனக்கு அதிலேயே தெரிந்துவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். ஸ்டியரிங்கை உடம்போடு சேர்த்துப் பிடித்திருந்தார். குரலை உயர்த்தவில்லை.

"கோயிந்தா, மெயின் பட்ட ஒடஞ்சிடுச்சு. ஸ்டியரிங் எடது பக்கமா இஸ்துக்கினு போவுது. இங்க நிறுத்துனா பின்னாடி லாரிக்காரன் வந்து அடிச்சிடுவான். தகரம் முடியிற வரைக்கும் உருட்டிக்கினு போயி மண்ணுல எறக்கிடுறேன். நீ பின்னால போ. எவனையும் முந்த விடாத."

இதில் ஒரு வார்த்தையைக் கவனித்தீர்களா? உருட்டிக்கினு போயி என்றார். வேறு என்ன சொல்லுவார்? மெதுவாகப் போவதற்கு எங்கள் வாயில் இருந்தது அந்த ஒரு வார்த்தைதான். முன் சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு ஆள் அதைக் கேட்டார். விழுப்புரம் கோர்ட்டில் அவருக்கு அன்று வாய்தா. நேரமாகிறது என்று திண்டிவனத்திலிருந்தே புலம்பிக்கொண்டு வந்தவர். அவர் காதில் பட்டை என்பது விழவில்லை, உருட்டு என்பது விழுந்தது.

புதிதாக வந்திருக்கிற நீங்கள் என்ன செய்வீர்கள் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். நின்றால் பின்னால் வருகிறவன் இடிப்பான். போனால் ஸ்டியரிங் எந்த நேரமும் கையை விட்டுப் போகும், வண்டி பள்ளத்தில் கவிழும். சூசை அண்ணன் யோசித்தது ஒரு மூச்சு விடுகிற நேரம். முதல் கியரில் ஊர்ந்து போவது என்று முடிவு செய்தார். இத்தனை வருஷம் கழித்து, உட்கார்ந்த இடத்தில் நிதானமாக யோசித்துப் பார்த்தும் எனக்கு அதைவிட நல்ல முடிவு தோன்றவில்லை. ஒரு குழந்தைக்குக்கூட அன்று வண்டிக்குள் அடிபடவில்லை. அதைக் கேஸில் யாரும் எழுதவில்லை.

நாலு பக்க இண்டிகேட்டரையும் போட்டார். வண்டியில் கோளாறு, ஜாக்கிரதை என்று சொல்ல வைத்திருக்கிற விளக்கு அது. எங்கள் ரூட்டில் நாற்சந்தியில் நேராகப் போவதற்கு அதைப் போடுவார்கள், கல்யாண வண்டி என்று போடுவார்கள், சாமி ஊர்வலத்துக்குப் போடுவார்கள், உருட்டும்போது வெறுப்பேற்றவும் போடுவார்கள். அதைப் பார்த்து எவனாவது ஜாக்கிரதையாக இருந்திருக்கிறானா?

நான் பின்படியில் இறங்கி நின்றேன். இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் ஏழுமலையின் வண்டி ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தது. அவனுக்குப் பின்னால் கார், லாரி, எல்லாம் சேர்ந்து ஒரே சத்தம். நான் வலது கையை நீட்டி, உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். நிறுத்து, பொறு, வராதே. என் உயிரே அந்தக் கையில்தான் இருந்தது. கண்ணாடி வழியாக ஏழுமலை முகம் தெரிந்தது. நாக்கைத் துருத்திக் காட்டினான்.

"பட்ட ஒடஞ்சிடுச்சு" என்று கத்தினேன். அந்த ஹாரனில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. கடைசி சீட்டுப் பையன்கள் வழக்கம்போல் சிரித்தார்கள். ஒருத்தன் என்னோடு சேர்ந்து அவனும் கையைக் காட்டினான்.

தகரம் முடிந்தது. இடது பக்கம் மண் தரை விரிந்தது. சூசை அண்ணன் வண்டியை அதில் இறக்குவதற்காகக் கொஞ்சம் வலது பக்கம் வாங்கினார். சாய்ந்த வண்டியை அப்படித்தான் திருப்ப முடியும். ஏழுமலை பார்த்தது வேறு. இவ்வளவு நேரம் உருட்டிக்கொண்டு வந்தவன் கடைசியில் இடது பக்கம் இடம் விட்டுவிட்டான் என்று நினைத்தான். புழுதியைக் கிளப்பிக்கொண்டு மண்ணில் இறங்கி இடது பக்கமாக முந்த வந்தான். அதே நேரம் எங்கள் வண்டியும் இடது பக்கம் திரும்பியது.

நான் உள்ளே தாவினேன். வலது கால் உள்ளே வந்துவிட்டது. இடது கால் வரவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது முட்டிக்குக் கீழே கட்டு. எங்கள் வண்டி மண் தரையைத் தாண்டி ரோட்டோரப் பள்ளத்தில் இறங்கி நின்றதாகச் சொன்னார்கள். போலீஸ்காரர் ஒருவர் வந்து பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நல்ல மனிதர்தான். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தார். நடந்ததை நடந்தபடி சொன்னேன். பட்டை உடைந்தது, சூசை அண்ணன் சொன்னது, எல்லாம்.

"நீ கை காட்டுனியா?"

"காட்டுனேங்க சார். வராதன்னு."

"மொத நாளு காட்டுனியா?"

தலையை ஆட்டினேன்.

"அதுக்கு மொத நாளு?"

"அது வேறங்க சார். அது உருட்டுறதுக்குக் காட்றது."

"எப்பிடிக் காட்டுவ? காட்டு பாக்கலாம்."

காட்டினேன்.

"நேத்து எப்பிடிக் காட்டுன?"

அதையும் காட்டினேன். அவர் இரண்டு தடவை காட்டியதையும் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார்.

பயணிகள் யாரும் பொய் சொல்லவில்லை. வாய்தாவுக்குப் போன ஆள், "டிரைவரே சொன்னாருங்க, உருட்டிக்கினு போறேன், எவனையும் முந்த விடாதன்னு. என் ரெண்டு காதால கேட்டேன்" என்றார். உண்மைதானே? மற்றவர்கள், ஆமாம், வெகுநேரமாக உருட்டிக்கொண்டுதான் வந்தார்கள், கண்டக்டர் கை காட்டிக்கொண்டு வந்தார் என்றார்கள். அதுவும் உண்மைதான். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். பட்டை உடைந்துதான் இருந்தது. ஆனால் வண்டி பள்ளத்தில் விழுந்திருக்கிறதே, விழுந்ததில் உடைந்தது என்று எங்கள் முதலாளியின் ஆட்களே சொன்னார்கள். முன்பே உடைந்தது என்றால் இந்த வண்டியை ஏன் ரோட்டுக்கு அனுப்பினாய் என்ற கேள்வி வரும். சூசை அண்ணன் ஷெட்டில் சொன்னதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. அவரோடு தினம் காலையில் டீ குடித்த மெக்கானிக்குக்கும் ஞாபகம் இல்லை.

ஏழுமலைமேல் இடது பக்கம் முந்தியதற்குக் கேஸ். சூசை அண்ணன்மேல் காரணம் இல்லாமல் மெதுவாக ஓட்டிப் பின்னால் வந்த வண்டிகளுக்கு இடைஞ்சல் செய்து, விபத்துக்குக் காரணமாக இருந்ததாகக் கேஸ். எல்லாரும் தினம் தினம் உருட்டிய ரோட்டில், உருட்டியதற்கென்று கேஸ் வாங்கியது அவர் ஒருத்தர்தான். அதுவும் அவர் உருட்டாத அன்றைக்கு.

ஏழுமலை ஆஸ்பத்திரிக்கு வந்தான். ரொட்டியும் ஆப்பிளும் வாங்கி வந்திருந்தான். என் காலைப் பார்த்துவிட்டுச் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழுதான். வண்டி சாய்ந்திருந்ததைப் பார்த்தாயே, அதையாவது போலீஸில் சொல் என்று கேட்டேன்.

"சாஞ்சிதான் வந்துச்சு. ஜனம் படியில தொங்குதுன்னு நெனச்சேன்டா. நீ நெசமா காட்றன்னு எனக்கு எப்பிட்றா தெரியும்?" என்றான்.

அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், படுக்கையில் கிடக்கிறவனுக்கு ஒரு துணையாக.

சூசை அண்ணன் ஒரே ஒரு தடவை வந்தார். வார்டில் எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். உருட்டி ஆளை அடித்த டிரைவர் இவன்தான் என்று யாரோ கிசுகிசுத்தார்கள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீ எப்பிட்றா கையக் காட்டுன?" என்று கேட்டார். மறுபடியும் காட்டினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சரி. அப்பிடித்தானே காட்ட முடியும்" என்றார். எழுந்து போய்விட்டார்.

லைசென்ஸைப் பிடித்து வைத்தார்கள். அது திரும்பக் கிடைத்தபோது எந்த முதலாளியும் அவருக்கு வண்டி கொடுக்கவில்லை. ஸ்டாண்டில் உருட்டி சூசை என்று பெயர் ஆகிவிட்டது. அப்படிக் கூப்பிட்டவர்கள் யார் தெரியுமா? அதே ஸ்டாண்டில், அதே காலையில், ரெண்டாவது கியரில் உருட்டிக்கொண்டு வெளியே போன டிரைவர்கள். எனக்கு நொண்டிக் காலோடு ஸ்டாண்டிலேயே டைம் கீப்பர் வேலை கொடுத்தார்கள். ஓய்வு பெறுகிற வரைக்கும் மைக்கில் வண்டிகளை விரட்டினேன். உருட்டாதே, எடு, எடு என்று தொண்டை கிழியக் கத்தினேன். கை அசைத்துவிட்டு உருட்டிக்கொண்டு போவார்கள்.

சூசை அண்ணனைக் கடைசியாகப் பார்த்தது கரும்பு வெட்டுகிற காலத்தில். ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு டிராக்டர்கள் போகும் அல்லவா, அதில் ஒன்றை அவர் ஓட்டிக்கொண்டு வந்தார். பின்னால் இரண்டு டிரெய்லர், மலை மாதிரி கரும்பு. அவருக்குப் பின்னால் அத்தனை வண்டியும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் ரோட்டை விட்டு நன்றாகத் தள்ளி மண்ணில் இறக்கி நிறுத்தினார். அப்புறம்தான் சிரித்தார். முன்பல் இரண்டு இல்லை.

"பாத்தியாடா. மெதுவா போறதுக்குன்னே ஒரு வண்டியக் குடுத்துட்டாங்க" என்றார்.

நானும் சிரித்தேன். அவர் மேலும் ஏதாவது சொல்வார், திட்டுவார் என்று நின்றுகொண்டிருந்தேன். ஒரு கரும்பை உருவி என் கையில் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தார். அடுத்த வருஷம் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். சாவுக்குப் போனேன், ஏழுமலை வந்திருந்தான். ஸ்டாண்டிலிருந்து வேறு யாரும் வரவில்லை.

கலை, உன் கேள்விக்குப் பதில் இதுதான். மெதுவாகப் போக வேண்டி வந்தால் இடது ஓரம் போ, காரணத்தோடு போ. அந்தக் காரணத்தை நாலு பேர் நம்புகிற மாதிரி மற்ற நாளில் நடந்துகொள். கோளாறு விளக்கைக் கோளாறு இல்லாத நேரத்தில் தொடாதே.

முரளி, இனி உனக்கு. போன வாரம் விழுப்புரத்திலிருந்து உன் வண்டியில்தான் நான் வந்தேன். ஸ்டாண்டை விட்டு வந்ததும் உன் டிரைவர் உருட்டினான். பின்னால் ஹாரன் கேட்டது. நீ பின்படியில் இறங்கி நின்று வலது கையை விரித்துக் காட்டினாய். கடைசி சீட்டில் சிரித்தார்கள். உன் கை என் கை மாதிரியே இருந்தது. கட்டை விரல் கொஞ்சம் வளைந்து, அப்படியே.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "சும்மா ஜாலிக்குப்பா. அந்த டிரைவரு நம்ம ஃபிரெண்டுதான், சாயங்காலம் ஒண்ணாதான் டீ குடிப்போம்" என்றாய்.

ஏழுமலையும் எங்களுக்குச் சிநேகிதன்தான், தம்பி. டீக்குக் காசு அவன்தான் கொடுப்பான்.